காசில் இல்லாத பெயர்

கடைக்காரர் ஒட்டி அனுப்பிய சீட்டைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருக்கிறார் மணவாளன். காசு மும்பையிலிருந்து கூரியரில் வந்தது. புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை. வெள்ளிக் கம்பியைத் துண்டாக நறுக்கித் தட்டையாக்கி, அதன்மேல் ஒரு குதிரை வீரனை அடித்திருக்கிறார்கள். ரஷ்யாவை ஆண்ட இவானின் காசு. காசை வைத்து மூடிய அட்டையின் மேல் 'பயங்கர இவான்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு. ஆசைப்பட்டு வாங்கிய காசை அவர் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சீட்டு போனால்தான் பார்ப்பார். ஒரு முனையை நகத்தால் கிளப்பி, மறுமுனையைப் பிளேடால் வழித்து, மிச்சமிருக்கும் பசையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைக்கிறார்.

"பயங்கரமாம்! எய்தனவன் இன்னாத்த கண்டான்? அவுருக்கு பக்கத்து ஊட்ல குடி இருந்தானா?"

சமையலறையிலிருந்து மனைவி வசந்தகுமாரியின் குரல் வருகிறது. "இருங்க, இவான் தேங்க்ஸ் சொல்லி ஒரு கார்டு போட்டாலும் போடுவாரு."

மணவாளன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சட்டைப்பையிலிருந்து மெல்லிய முனையுள்ள கறுப்புப் பேனாவை எடுத்து, துடைத்த இடத்தில் பொடி எழுத்தில் 'அரசர் இவான்' என்று எழுதுகிறார். பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்துக் காசைக் கண்ணருகே கொண்டுபோகிறார்.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மேனாம்பேட்டில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட். காசு சேர்ப்பவர்களில் பல ரகம் உண்டு. சிலர் தேசம் தேசமாகச் சேர்ப்பார்கள், சிலர் பிழையாக அடித்த காசாகத் தேடி அலைவார்கள். மணவாளன் சேர்ப்பது உலகம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் அரசர்களின் காசுகளை மட்டும். பட்டப்பெயரின் மேல் பிரியம் போலிருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு அவர்களுக்குக் காபி கிடையாது. அந்தப் பெயர்களை ஒழித்துக்கட்டத்தான் அவர் சேர்க்கிறார். எந்த அரசனும் தன் காசில் தன்னை மொட்டை என்றோ நொண்டி என்றோ அடித்துக்கொண்டதில்லை என்பது அவர் கட்சி. 'செத்துப்போன ராஜாங்களுக்குச் சம்பளமில்லாத வக்கீல்' என்று வசந்தகுமாரி சொல்வதில் தப்பொன்றும் இல்லை.

பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும் மரப்பெட்டியை அவர் திறந்தால் கேட்பவருக்கு நேரம் இருக்கவேண்டும்.

"இவரு தைமூர். கால்ல அடி பட்டு இய்த்து இய்த்து நடந்தாரு. அதுக்கு ஆயுசு பூரா நொண்டியா? செத்து எத்தினியோ நூறு வருசம் கயிச்சி குழிய தோண்டி எலும்ப எட்த்து பாத்தானுங்கோ, நெசமாவே நொண்டிதானான்னு. இதெல்லாம் ஒரு பொழப்பா?"

அடுத்த அட்டை. "இவரு சார்லஸு. பிரான்ஸ் பக்கம். மொட்டைன்றான். அந்தக் காலத்துல வரைஞ்ச படத்துல தலை நிறைய முடி கீது. அத்த எவனும் பாக்க மாட்டான். மொட்டைன்னா மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

துக்ளக்கின் பித்தளைக் காசு வரும்போது குரல் ஏறிவிடும். கீழ்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். "வெள்ளி பத்தல, பித்தளைல காசு அடிச்சாரு. ஊட்டுக்கு ஊடு கள்ளக்காசு அடிச்சது யாரு? ஜனம். கஜானாவ காலி பண்ணது யாரு? ஜனம். கிறுக்கன்ற பட்டம் யாருக்கு? அவுருக்கு! இன்னா நியாயம்ங்க இது?"

ஏதோ நேற்று அம்பத்தூர் எஸ்டேட்டில் நடந்த அநியாயத்தைச் சொல்வது போல முகம் சிவந்திருக்கும்.

பெட்டியின் ஓரத்தில் ஒரு செப்புக்காசு இருக்கிறது. பாண்டியர் காலத்தது. அதில் 'எல்லாந்தலையானான்' என்று தமிழிலேயே பொறித்திருக்கிறது. எல்லோருக்கும் மேலானவன் என்று ஒரு ராஜா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. இதுவும் பட்டப்பெயர்தானே சார் என்று யாராவது மடக்கினால், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்வார். "தன் அச்சுல தானே அடிச்சிக்கினா அது பேரு. அடுத்தவன் ஒட்டி வுட்டா அது அய்க்கு. அய்க்க தொடைக்கணும்." இந்தச் சட்டத்தை அவர் எதற்கும் தளர்த்தியதில்லை.

இந்தக் கோபம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்து இறங்கிய இடம் அது. ஒரே ஷிஃப்டில் நாலைந்து லட்சுமணன்கள் இருப்பார்கள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியவேண்டுமே. ஒருத்தர் தொப்பை லட்சுமணன், ஒருத்தர் திக்குவாய் லட்சுமணன், வேலைக்கு வந்த புதிதில் ஊர் ஞாபகம் வந்து அழுதவர் அழுமூஞ்சி லட்சுமணன். அழுதது ஒரு ராத்திரி, பெயர் மட்டும் ஓய்வு பெறும் வரைக்கும் போகவில்லை. அவருடைய பிரிவு உபசார விழாவில் மாலை போட்டுப் பேச வந்த அதிகாரியும் 'நம்ம அழுமூஞ்சி' என்றுதான் ஆரம்பித்தார். கூட்டம் விசிலடித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லட்சுமணனின் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மணவாளன் கேசரித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அவருக்கும் ஒரு பெயர் விழுந்தது. காசு சேர்க்கிற ஆளுக்கு வேறென்ன விழும்? 'சில்லறை'. கூரியர்காரர் வந்து மணவாளன் வீடு எது என்று கேட்டால் கீழே இருக்கும் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். காசு சேர்ப்பவர் என்றதும், "அட, சில்லறை சாரா? மூணாவது மாடி" என்பார். மாவுக்கடையிலும் மீன்காரம்மாவிடமும் அதே பெயர்தான். அவர் ஒருவருக்கும் திரும்பியதில்லை. ஒரு மழைக்காலத்தில் மருந்துக்கடைக்காரர் 'சில்லறை சார், சில்லறை சார்' என்று தெருமுனை வரை ஓடி வந்தார். மணவாளன் விறைப்பாக நடந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் குடையைக் கடையில் மறந்தது தெரிந்தது. அப்போதும் போய்க் கேட்கவில்லை, புதுக் குடை வாங்கினார்.

இந்த விஷயத்தில் அவரைக் கொஞ்சமும் மதிக்காத ஒரு மனிதர் இருந்தார். அவர்தான் நெருங்கிய நண்பர், நாகப்பன். குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு எலக்ட்ரீஷியன் ஆனார். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், விசிறி மாட்ட ஏணி வேண்டாம், வீட்டு ஸ்டூல் போதும். மேனாம்பேட்டிலிருந்து திருமுல்லைவாயில் வரை பாதி வீடுகளில் தலைக்குமேல் சுற்றுவது அவர் மாட்டிய விசிறிதான். அத்தனை வீட்டுக்கும் அவர் 'கொக்கு'. போனை எடுத்தால் "கொக்கு பேசறேன்" என்பார். மொபெட்டின் பின்னால் கட்டிய தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் 'கொக்கு எலக்ட்ரிகல்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு ஒன்றும் அவரே வரைந்திருந்தார். கொக்கைவிட அது வாத்து மாதிரிதான் இருந்தது.

ஊரில் அவரை 'நாகப்பா' என்று கூப்பிட்ட வெளியாள் மணவாளன் ஒருவர்தான். கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். இரண்டாவது முறை கூப்பிட்டதும் சிரிப்பார். "யார்ரா அது நாகப்பன்னு நானே யோசிச்சிகினு இருந்தேன் மாமே!"

போன வருஷம் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசுக் கண்காட்சி நடந்தது. மணவாளன் தன் தட்டுகளை அடுக்கினார், நாகப்பன் கூடப் போய் விளக்குப் போட்டுக்கொடுத்தார். இங்கிலாந்தை ஆண்ட எட்வர்டின் வெள்ளிக்காசின் மேல் நாகப்பன் வெகுநேரம் குனிந்து நின்றார். உயரமானவர் என்பதால் 'நெட்டைக்கால்' என்று பெயர் வாங்கிய ராஜா அவர்.

"இவரு நம்ம ஆளு மாமே. இது கொக்கு காசு."

"வாய மூடு. இவரு கல்லறையையும் தொறந்து அளந்து பாத்தானுங்கோ, தெரியுமா? செத்தவன அளக்கறதாடா?"

"அளந்துட்டு போறான். ஒசரமாத்தான இருந்தாரு?"

அப்போதுதான் காசு சங்கத்தின் செயலாளர் கோகுல்நாத் வந்தார். ஐடி கம்பெனிக்காரர், பணிவாகப் பேசுகிறவர். "சார், உங்க டேபிள்ல யாருமே நிக்கல. 'மொட்டை சார்லஸ்', 'நெட்டைக்கால் எட்வர்ட்'னு எழுதி வைங்க, கூட்டம் அள்ளும். வெறும் 'அரசர் சார்லஸ்'னு போட்டா எந்த சார்லஸ்னு ஜனங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

மணவாளன் தட்டுகளை மூடிப் பைக்குள் வைத்தார். விளக்கின் சூடு ஆறுவதற்குள் இருவரும் ஷேர் ஆட்டோவில் இருந்தார்கள். வழிநெடுக நாகப்பன் சிரித்துக்கொண்டே வந்தார்.

இந்தத் தையில் நாகப்பன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவர் மனைவி அஞ்சலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் தீபிகா பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். போஸ்டர் வேலையை மணவாளன் எடுத்துக்கொண்டார். அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அச்சுக்கடை வைத்திருக்கும் தேவா விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, நம்ம கொக்கா? கொக்குன்னு கொட்டை எழுத்துல போட்டுர்றேன் சார்."

மணவாளன் வெடித்துவிட்டார். "மனுசன் செத்துட்டான்யா! உயிரோட இருந்தப்பதான் கொக்கு கோழின்னு கூப்ட்டீங்கோ. இப்பவாச்சும் ஒயுங்கா அவன் பேர சொல்லுங்க. பட்டப்பேரு ஒரு எய்த்து இருக்கக்கூடாது."

'திரு. அ. நாகப்பன் அவர்கள்' என்று போஸ்டர் வந்தது. படமும் மணவாளன் தேர்ந்தெடுத்ததுதான். கல்யாணத்தின்போது ஸ்டுடியோவில் எடுத்தது. கோட்டு, கறுகறு மீசை, மார்புவரை மட்டும். நரைத்த தாடியும் பழைய கிரிக்கெட் தொப்பியுமாக மொபெட்டில் போகும் ஆளுக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மணவாளனுக்கு அது கண்ணில் படவில்லை. மரியாதையாக இருந்தது, அது போதும் அவருக்கு. மேனாம்பேடு முழுக்கச் சுவரில் ஒட்டினார்கள், அடுக்குமாடிகளின் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் அனுப்பினார்கள். யாரோ நாகப்பன், பாவம், என்று எல்லோரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், அந்தச் சந்தில் குடியிருப்பவர்கள் வந்தார்கள். அவ்வளவுதான். மேளம் அடித்தவர்கள் அழுதவர்களைவிட அதிகமாகத் தெரிந்தார்கள். மணவாளன் சந்து முனையில் நின்று மெயின் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆகத் திட்ட ஆரம்பித்தார். "எத்தினி ஊட்ல ஃபேன் மாட்னான்! வேகாத வெயில்ல காத்து வாங்கிகினு படுத்துகினு கீறானுங்கோ, ஒர்த்தன் வந்தானா பாரு. நன்றி கெட்ட ஊரு!" சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது டீக்கடைக்காரர் நீட்டிய கிளாஸைக்கூட வாங்க மறுத்துவிட்டார். டீக்கடை விசிறியும் நாகப்பன் மாட்டியது.

ஊரை வைதபடியே ஒரு வாரம் போயிற்று. பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றிப் பேச அஞ்சலை வீட்டுக்குப் போனார். ஸ்டூலில் அதே கோட்டுப் படம், மாலை போட்டு வைத்திருந்தார்கள். பேச்சைத் தொடங்குமுன் நாகப்பனின் போன் அடித்தது. அஞ்சலை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"கொக்கண்ணே, நான் கிருஷ்ணப்பிரியா, ஏரிக்கரை ஃப்ளாட்ஸ். ஹால் ஃபேன் மறுபடியும் கடகடன்னு சத்தம் போடுதுண்ணே. பாப்பா தூங்கவே மாட்டேங்குறா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"அவுரு பூட்டாரும்மா," என்றார் அஞ்சலை.

"எப்ப வருவாரு?"

"செத்துப் பூட்டாரும்மா. ஒரு வாரம் ஆச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்தது. "எங்களுக்கு யாருமே சொல்லலியே அக்கா! இங்கதான இருக்கோம்? குரூப்ல நாகப்பன்னு ஒருத்தர் படம் வந்துச்சு... அதுவா? அது நம்ம கொக்கண்ணனா?"

அஞ்சலை போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அழுது தீர்ந்தவர் முகத்தில் கோபம்தான் மிச்சமிருந்தது.

"தெனிக்கும் இதாண்ணா. ஃபேன் ஓடல, லைட்டு எரியலன்னு ஒவ்வொர்த்தரா போன் பண்றாங்கோ. ஒவ்வொர்த்தருக்கும் நானே சாவு சொல்லிகினு கீறேன். அன்னிக்கி ஒரே தபாவுல சொல்லி முடிச்சிருக்க வேண்டியது. நீ அவுரு யாருன்னே தெரியாம பண்ணி அனுப்பிட்ட."

மணவாளனுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை. "நான் இன்னா தப்பு பண்ணேன் அஞ்சல? ஆயுசு பூரா வேலை வாங்குனாங்களே, உன் பேரு இன்னாப்பான்னு ஒர்த்தனாவது கேட்டானா? கேக்காதது அவனுங்க தப்பா, என் தப்பா?"

"கேக்கலதான். அதுக்கு அவுரு கோச்சிக்கினாரா? நீதான் கோச்சிக்கின." அஞ்சலை எழுந்து நின்றுவிட்டார். "உன் ராஜாங்களுக்குலாம் பேரு காசுல கீது. எப்ப வேணா நீ கண்ணாடி வெச்சி பாத்துக்குவ. எம் புருசனுக்கு எதுல கீது? அத்தோ, அந்தப் பொட்டில கீது. நானா எய்தினேன்? இந்த ஊரா எய்திச்சி? அவுரே பிரஷ்ஷ புட்ச்சி எய்தினது. பதினாறுக்கும் ஆளு வர்லன்னா, அவுரு வாய்ந்ததே எனக்கும் எம் பொண்ணுக்கும் மட்டுந்தான் தெரியும்னு ஆயிடும்ண்ணா."

வாசலோரம் மொபெட் நின்றது. மணவாளன் அதனருகே போய்க் குந்தினார். ஏனோ சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கை தானாக எடுத்தது. 'கொக்கு' என்ற எழுத்தில் இருந்தது ஒரே ஒரு பூச்சு இல்லை. மழையில் மங்கும்போதெல்லாம் அதே கோட்டின் மேல் மறுபடி மறுபடி பூசியிருந்தது, எழுத்துகள் காசில் போல மேடாக எழும்பி நின்றன. கொக்கு மாதிரி இல்லாத அந்தக் கொக்குக்கும் ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு கண் வைத்திருந்தார் மனிதர். தன் அச்சில் தானே அடித்துக்கொண்டது. மணவாளன் இத்தனை வருஷம் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறார். ஒரு நாளும் அவர் இதைப் படிக்கவில்லை.

அஞ்சலை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மணவாளன் குடித்துவிட்டு எழுந்து நேராக அச்சுக்கடைக்குப் போனார்.

தேவா அவரைப் பார்த்ததும் பயந்துகொண்டே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மணவாளனின் கோபம் இறங்கியதாகத் தெரியவில்லை, யார்மேல் என்பதுதான் தெரியவில்லை.

"பதினாறாம் நாளுக்கு. கொக்குன்னு போடு."

தேவா தட்டத் தொடங்கினார். "சரி சார். நாகப்பன்னு போட்டு, கொக்கை பிராக்கெட்ல போட்டுரட்டா?"

"பிராக்கெட்லயா? எதுக்குய்யா அவன ஒளிச்சி வெக்கற? கொக்க பெருசா போடு. நாகப்பன வேணா பிராக்கெட்ல போடு. அந்தக் கோட்டுப் படத்த தூக்கு. தொப்பி போட்டுகினு வண்டி மேல குந்தினு கீற படம் தீபிகா அனுப்பிச்சிருக்கா பாரு, அதான். பொட்டி தெரியணும். பொட்டி தெரியலன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

தேவா ஒரு தாளில் அச்செடுத்துத் திருத்தம் பார்க்கக் கொடுத்தார். மொபெட், தொப்பி, தாடி, பெட்டி, வாத்து மாதிரி இருக்கும் கொக்கு எல்லாம் இருந்தன. மணவாளன் காசு பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். அடியில், அழைப்பவர் என்ற இடத்தில், 'மணவாளன்' என்றிருந்தது.

"இவன் யாருன்னு கேப்பாங்களே," என்றார்.

"சார்?"

மணவாளன் பையிலிருந்து அந்த மெல்லிய முனைப் பேனாவை எடுத்தார். தன் பெயரின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே, அட்டைகளில் எழுதும் அதே பொடி எழுத்தில், 'சில்லறை' என்று எழுதினார்.

தேவா தாளை வாங்கக் கை நீட்டினார். மணவாளன் கொடுக்கவில்லை. எழுத்து மெலிந்திருக்கிறதென்று, அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதிக்கொண்டிருந்தார்.